ஊசிப்பாறை அண்டா

எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காங்க நாச்சியா மதினி. போடியிலருந்து மலைக்குப் போற காலை பஸ்ஸு, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, மடியில ஒரு வயர்கூடை. ஜன்னலோரத்தை எனக்குன்னு விட்டு வச்சுட்டு, ஏதோ நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுக் கிளம்பின மாதிரி, "வா லோகு, இந்தப் பக்கம் வெயில் அடிக்காது"ங்கிறாங்க. நான் இன்னிக்கு ஊசிப்பாறைக்குப் போறேன்னு யாருக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். சோறு போட்டுக்கிட்டே அவர்கிட்ட சொன்னேன், யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு. சரின்னாரு. அந்தச் சரிக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா, கை கழுவின ஈரம் காயுறதுக்குள்ள அண்ணன் வீட்டுக்குப் போயி ஒப்பிச்சிருப்பாரு. அந்த அண்ணன்காரர், எங்க வீட்டுப் பெரியவர், உடனே, போயி அவ என்ன பண்றான்னு பாத்துட்டு வான்னு தங்கச்சிய அனுப்பிட்டாரு. மதினி எங்க வீட்டுக்காரருக்கு அக்கா, பெரியவருக்குத் தங்கச்சி. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்லாம பெரியவர் வீட்டுலயே பொங்கிப் போட்டுக்கிட்டு இருந்துட்டாங்க. மதினி காதுல விழுந்தா பெரியவர் காதுல விழுந்த மாதிரின்னு நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலருந்து மனசுல குறிச்சு வச்சிருக்கேன். "வேண்டுதலா லோகு"ன்னு கேட்டாங்க. "ஆமா மதினி, வேண்டுதல்"னேன். "எனக்கும்"னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. அதுதான் எனக்கு இன்னும் இடிக்குது. என்ன வேண்டுதல்னு கேக்காத பொம்பள எந்த ஊர்ல இருக்கா.

வண்டி கிளம்பிருச்சு. கண்டக்டர் வந்தாரு, ரெண்டு பேருக்கும் சேத்து மதினியே டிக்கெட் வாங்கிட்டாங்க, நான் பர்ஸத் தெறக்குறதுக்குள்ள. இதுவும் எதுக்குன்னு தெரியல. சும்மா ஒருத்தர் நமக்கு நல்லது பண்ணுவாங்கன்னு நான் நம்புறதில்ல, ஏலக்காய் பொறுக்குற கொட்டகையில அம்புட்டு வருஷம் மேஸ்திரியா நின்னவ நான், நல்லாப் பச்சையா இருக்கிற காயத்தான் முதல்ல ஈரத்துணியில தேச்சுப் பாப்பேன், சாயம் ஒட்டுதான்னு. என் மக கௌசிகாவுக்கு இது பிடிக்காது. "அம்மா, நீ சாமியே வந்து வரம் கேளுன்னு சொன்னாக்கூட ஆதார் கார்டக் காட்டுன்னு கேப்ப"ம்பா. சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. இப்பச் சிரிக்கிறதில்ல. கோயமுத்தூர்ல வேலை, வாரத்துக்கு ஒருக்கா போன் பண்றா, சாப்பிட்டியான்னா சாப்பிட்டேங்கிறா, வச்சிர்றா. அவளுக்குப் பிடிச்ச பையன் கோகுல். சின்னமனூர்க்காரன், நம்ம சனம்தான், கண்ணு நிறைஞ்ச பிள்ளை. நானே சாயம் தேச்சுப் பாத்துட்டேன், ஒட்டல. அவங்க வீட்டுல அப்பா, அம்மா, பெரியப்பா எல்லாரும் தட்டு வச்சுக்கிட்டு வந்தாங்க. காப்பி குடிச்சாச்சு, பேசியாச்சு, நாள் பாக்கலாம்னு சொல்லப் போற நேரம், எங்க பெரியவர் செருமிக்கிட்டு, "எல்லாம் சரி, நீங்க எந்தச் சாமி கும்புடுறீங்க"ன்னாரு. பையனோட அப்பா சாதாரணமா, "பூர்வீகம் மலைதானுங்க, ஊசிப்பாறை வீரம்மா"ன்னாரு. அம்புட்டுத்தான். எங்களுக்கும் ஊசிப்பாறை வீரம்மாதான், சிவராத்திரிக் கூட்டத்துல யாரு எந்த ஊருன்னு எனக்குத் தெரிஞ்சதில்ல. ஒரே சாமி கும்புட்டா பங்காளி. பங்காளின்னா அண்ணன் தம்பி. அண்ணன் மகனுக்கும் தம்பி மகளுக்கும் எவனாவது கல்யாணம் பேசுவானா. வந்தவங்க தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க, காப்பி டம்ளர் கூட எடுக்கல நான். கௌசிகா ரூமுக்குள்ளருந்து வெளிய வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னா. "நான் ஓடிப் போக மாட்டேன்மா. வேற ஆளையும் கட்ட மாட்டேன். நீங்களா முறைன்னு சொல்லுங்க. இல்லாட்டி நாச்சியா அத்தை மாதிரி இப்படியே இருந்துட்டுப் போறேன்." அத்தை பக்கத்துலதான் நின்னாங்க. அவங்க மொகத்த நான் பாக்கல, என் மக மொகத்தத்தான் பாத்தேன்.

அன்னைக்குத்தான் நான் சடையாண்டியைக் கையில எடுத்தேன். சடையாண்டின்னா எங்க வீட்டுக்காரரோட தாத்தாவுக்கு அப்பா. மொத மொத மலையேறிப் போயி காட்ட வெட்டி ஏலம் போட்டவரு. ஊசிப்பாறையில சாமி வச்சவரும் அவருதான், அடிவாரத்துல இருந்த தாய்க்கோயில்லருந்து ஒரு பிடி மண்ணை மடியில கட்டிக்கிட்டுப் போயி அங்க வச்சுக் கும்புட்டாராம். கும்பாபிஷேகத்துக்குப் பெரியவர் ஒரு மலர் போட்டாரு, வழவழ தாள்ல, அதுல மொதப் பக்கமே சடையாண்டி வரலாறு. நான் அத எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன், ஒரு வரியும் நம்ப முடியல. தாது வருசப் பஞ்சத்துல மலையேறினாருன்னு ஒரு எடத்துல போட்டிருக்கு, இன்னொரு எடத்துல பஞ்சத்துல பொறந்தாருன்னு போட்டிருக்கு. பொறந்த பிள்ளை கோடாலியத் தூக்கிக்கிட்டா மலையேறுச்சு. புலியை வெறுங்கையால கொன்னாராம். புலி செத்துக் கிடந்திருக்கும், இவரு போயி பக்கத்துல நின்னிருப்பாரு. யானைக் கூட்டம் அவரப் பாத்து விலகிப் போச்சாம், யானைக்கு வேற ஜோலி இருந்திருக்கும். ஆனா புலியையும் யானையையும் தள்ளிட்டுப் பாத்தா, அந்த ஆளு மேல எனக்கு என்னமோ ஒரு இது வந்துருச்சு. அட்டைக்கடிக்குக் காலு முழுக்கப் புகையிலத் தண்ணியத் தடவிக்கிட்டு, உப்புக்கும் கருவாட்டுக்கும் மாசத்துக்கு ஒருக்கா கீழ எறங்கி, மலைக்காய்ச்சல் வந்து குளிர்ல ஒதறும்போது ஒரு கருப்பட்டித் தண்ணி வச்சுக் குடுக்க ஆளில்லாம. அப்ப இந்த ரோடெல்லாம் எங்க இருந்துச்சு. நாம பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டுப் போறோம். ஆளில்லாமன்னு சொன்னேன்ல, அது தப்பு. ஒரு ஆளு இருந்தாரு. பெரியகருப்பன். அவரு வழிதான் கோகுல் குடும்பம். சடையாண்டியும் பெரியகருப்பனும் ஒரே குடிசையில இருந்து, ஒரே பானையில பொங்கித் தின்னு, சேந்து காட்ட வெட்டினாங்க. அதுவரைக்கும் எல்லாரும் ஒத்துக்கிறாங்க. அவங்க ரெண்டு பேரும் யாரு, கூடப் பொறந்தவங்களா, மாமன் மச்சானா, அங்கதான் என் பிள்ளையோட வாழ்க்கை தொங்கிக்கிட்டு இருக்கு.

"வாந்தி வருதா லோகு"ங்கிறாங்க மதினி. இல்லன்னேன். "கண்ண மூடிக்க, வளைவு தெரியாது." நான் எதுக்குக் கண்ண மூடணும், மூடினா கூடைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியாதுல்ல. மேல ஒரு துண்டப் போட்டு மூடியிருக்காங்க. சாமிக்குன்னா தேங்காயும் பழமும்தான இருக்கணும், தேங்காய்னா துண்டு உருண்டையா நிக்கணும், இது சப்பையா இருக்கு. போன வாரம் இவங்கதான் வந்து, "சமஸ்தானத்துப் பத்திரம் ஒண்ணு அண்ணன் பீரோவுல இருக்கு, அத நீயே வாங்கிப் படிச்சியா லோகு"ன்னு கேட்டாங்க. நான் ஏற்கெனவே படிச்சுட்டேன். மலை அப்ப திருவிதாங்கூர் ராஜா கையில, குத்தகைக்குக் காடு குடுத்திருக்காங்க, அந்தப் பத்திரத்தோட நகல். மலையாளத்துல இருக்கு, பெரியவர் ஒரு வாத்தியார வச்சு தமிழ்ல எழுதி வாங்கி லேமினேஷன் போட்டு வச்சிருக்காரு. அதுல தெளிவா இருக்கு, சடையாண்டியும் அவன் தம்பி பெரியகருப்பனும்னு. தம்பி. அன்னைக்குக் கோகுல் வீட்டுக்காரங்க முன்னாடி அதத்தான் எடுத்து நீட்டினாரு. சர்க்கார் முத்திரை இருக்கு பாருங்கன்னாரு. எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டாங்க, சர்க்கார் முத்திரைன்னா நம்ம சனத்துக்கு எப்பவும் அப்படித்தான். எனக்கு மட்டும் மனசு ஒப்பல. பெரியவருக்கு எதுக்கு இம்புட்டு வேகம். அவரு சம்சாரத்தோட தம்பி மகன் ஒருத்தன் தேவாரத்துல இருக்கான், கடை வச்சிருக்கான், வாயத் தெறந்தா பான்பராக் வாடை, அவனுக்குக் கௌசிகாவக் கட்டி வைக்கணும்னு இவருக்கு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. அது ஒண்ணு. இல்லாட்டி மலையில மிச்சம் இருக்கிற தோட்டத்துக்கு கோகுல் வீட்டாளுங்க உரிமை கேட்டுருவாங்கன்னு பயமா இருக்கும். அது ரெண்டு. ஏதோ ஒண்ணு இருக்கு. மனுசன் முறை தப்பக் கூடாதுங்கிறதுக்காக மட்டும் இப்படி நிக்க மாட்டான்.

ஆனா பத்திரத்துல தம்பின்னு இருந்தா தம்பியாயிருவானா. கொட்டகையில ஒரு மலையாளத்துக் கணக்கப்பிள்ளை இருந்தாரு, அவரு ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னாரு, அந்தக் காலத்துல ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காடுன்னுதான் குடுப்பாங்களாம், பெரிய துண்டு வேணும்னா கூட வர்றவனத் தம்பி, சித்தப்பன் மகன்னு எழுதிப்புடுவாங்களாம், அங்க யாரு போயி விசாரிக்கிறதுன்னு. மெய்யோ பொய்யோ, கேட்டதும் எனக்குப் பொறி தட்டிச்சு. காட்டுக்காகத் தம்பின்னு சொல்லியிருப்பாங்க. சாமியும் அப்படித்தான், மலையேறினவனுக்கு வேற சாமி எங்க இருக்கு, சடையாண்டி வச்சதையே பெரியகருப்பனும் கும்புட்டுருப்பாரு, அவரோட சொந்தச் சாமி கீழ எந்தக் கண்மாய்க்கரையில நிக்குதோ. ஆனா இதெல்லாம் என் வாய்ச்சொல்லு. பெரியவர் முத்திரையக் காட்டினா நான் எதக் காட்டுறது. அப்பத்தான் எனக்கு அந்த அண்டா ஞாபகம் வந்துச்சு. கல்யாணம் ஆன மொத சிவராத்திரி, ஊசிப்பாறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, புதுப்பொண்ணு சும்மா நிக்கக் கூடாதுன்னு பாத்திரம் வெளக்க உக்காந்தேன். பொங்கல் வைக்கிற பித்தளை அண்டா, ஒரு ஆளு உள்ள உக்காரலாம். வெளிப்பக்கம் முழுக்கக் கரி. புளியும் சாம்பலும் போட்டு விளிம்புக்குக் கீழ தேய்க்கிறேன், உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சுனு ஆச்சு, புள்ளி புள்ளியா பேரு வெட்டியிருக்கு. தாய்மாமன்னு ஒரு வார்த்தை. அத நல்லாப் பாத்தேன். அதுக்கப்புறம் ஒரு பேரு. அதப் படிக்கிறதுக்குள்ள நாச்சியா மதினி வந்து, "எந்திரி, நீ புதுப்பொண்ணு, கையெல்லாம் கரியாயிரும்"னு கையிலருந்த தேங்கா நாரைப் புடுங்கிட்டாங்க. அன்னைக்குலருந்து அந்த அண்டாவ யாரையும் தொட விட்டதில்ல. அடுப்பு மூட்டுறது, பொங்குறது, எறக்குறது, உள்பக்கம் கழுவிக் கவுத்துறது எல்லாம் அவங்களே. மொதப் பொங்கல் மரியாதைக்கு அடிச்சுக்கிறாங்கன்னு நான் நினைச்சேன். புருசன் இல்லாத பொம்பளைக்கு அது ஒரு பெருமைன்னு விட்டுட்டேன். இப்பப் பாத்தா அது பெருமை இல்ல போலருக்கே.

தாய்மாமன்தான் காதுகுத்துக்கு அண்டா குண்டான்னு சீர் செய்வான், பேரு வெட்டிக் குடுப்பான். கூடப் பொறந்த தம்பி தாய்மாமன் ஆக முடியாது. அந்த அண்டாவுல பெரியகருப்பன் பேரு இருந்துச்சுன்னா, அவரு சடையாண்டி பொண்டாட்டியோட பொறந்தவரு, சடையாண்டிக்கு மச்சான். அப்ப கோகுல் முறைப்பையன். ராஜாவோட முத்திரை இருந்தா என்ன, எந்தச் சாமிய கும்புட்டா என்ன. ஆனா அந்தப் பேரு பெரியகருப்பன்தானா, இல்ல வேற எவனோ ஒரு மாமனா. நான் படிக்கல. படிச்சேனா. சில நேரம் கண்ண மூடினா பெ-ன்னு ஒரு எழுத்து தெரியுது. நானா வரைஞ்சுக்கிறேனோ. என் மகளுக்காக என் புத்தியே எனக்குப் பொய் சொல்லுதோ. சாயம் ஏத்தின காய் மாதிரி. அப்படி இருந்துட்டா என்ன பண்றது, கரியத் தேச்சுப் பாக்க அங்க வேற பேரு இருந்தா, கௌசிகா கல்யாணத்துக்கு நானே முற்றுப்புள்ளி வச்ச மாதிரி ஆயிரும். பாக்காம விட்டா, அந்தப் பேராத்தான் இருக்கலாம்னு ஒரு நினைப்பாவது மிச்சம் இருக்கும். அந்தப் பிள்ளை அந்த ரூமுக்குள்ள தலை நரைச்சு உக்காந்திருக்கிறதுதான் கண்ணு முன்னால வருது. போன எடுத்துப் பாத்தேன், டவர் போயிருச்சு. மலையில பாதி வழிக்கு மேல எப்பவும் போயிரும்.

பெரிய வளைவுல வண்டி ஒடிச்சுத் திரும்பிச்சு, மதினி மேல போயி சாஞ்சுட்டேன். அவங்க கூடை சாஞ்சு துண்டு நழுவிருச்சு. நான் பாத்துட்டேன். ஒரு உருண்டைப் புளி, ஒரு பொட்டலம் சாம்பல், தேங்கா நாரு, மேல கோயில் பாத்திர ரூம் சாவி. அந்தச் சாவி பெரியவர் பூஜை ரூமுல ஆணியில தொங்குறது, நான் பூசாரி கையக் கால புடிச்சு எப்படியாவது உள்ள போகணும்னு நினைச்சிருந்தேன். இவங்க எனக்கு முன்னாடி போயி அழிக்கப் போறாங்க. வெட்டின எழுத்து புளியில அழியுமா. அழியாது. அப்ப எதுக்குப் புளி. "என்ன மதினி இது"ன்னேன். குரல் எனக்கே கொஞ்சம் கூடுதலாத்தான் கேட்டுச்சு, முன் சீட்டுக்காரரு திரும்பிப் பாத்தாரு. மதினி துண்ட எடுத்து மறுபடி மூடல. மடியிலயே வச்சுக்கிட்டாங்க. "அண்டா வெளக்கணும்லடி"ன்னாங்க. "அதுக்குத்தான நீயும் போற." நான் அந்தச் சாவியவே பாத்துக்கிட்டு இருந்தேன். "பால்ச்சாமி சொன்னான். அண்ணன்கிட்ட இல்ல, என்கிட்ட. லோகு எதையோ நினைச்சுக்கிட்டுத் தனியாப் போறா, நீ கூடப் போக்கான்னான்." எங்க வீட்டுக்காரரா. அந்த மனுசனுக்கு இப்படி ஒண்ணு தோணுமா. "அண்ணனுக்குத் தெரியாதா"ன்னேன். "சாவிய எடுத்தது தெரியாது"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச தூரம் போயி, "எழுத்தும் தெரியாது"ன்னாங்க.

எழுத்து. இவங்களுக்கு எழுத்து இருக்குன்னு தெரியும். இத்தன வருசமும் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே என் மகளோட கல்யாணம் நின்ன அன்னைக்குக் கதவோரமா நின்னு வாய மூடிக்கிட்டு இருந்தாங்க. நாக்க புடுங்குற மாதிரி நாலு கேக்கணும்னு வாயத் தெறந்தேன். அதுக்குள்ள அவங்களே ஆரம்பிச்சுட்டாங்க, என்னப் பாத்து இல்ல, முன் சீட்டுக் கம்பியப் பாத்து. "கோகுலோட பெரியப்பா வந்திருந்தாகல்ல, சுந்தரபாண்டி. என்னத்தான் மொதல்ல கேட்டு வந்தாக." என்னத்தக் கேட்டுன்னு நான் முழிச்சேன். "என்னப் பொண்ணு கேட்டுத்தாண்டி. நாங்க சிவராத்திரிக்குச் சிவராத்திரி மலையில பாத்துக்கிறதுதான். பேசினதுகூட இல்ல. ஒரு தடவ மழையில என் குடம் உருண்டு போச்சு, எடுத்துக் குடுத்தாக. அம்புட்டுத்தான். அடுத்த மாசம் அவுக அம்மா பூ பழத்தோட வந்துட்டாக. அப்பா செத்த புதுசு, அண்ணன்தான் பெரியாளு, சின்ன வயசு, தப்பு பண்ணிரக் கூடாதுன்னு பயம். அந்தப் பத்திரத்த எடுத்துப் படிச்சாரு. படிச்சுட்டு அழுதாரு லோகு. ஒனக்கு அண்ணன் முறைடி, அண்ணேன்னு கூப்பிடுன்னாரு. அந்த எடத்துலயே. எல்லாருக்கும் முன்னால கூப்பிடச் சொன்னாரு, மனசுல இருக்கிறது அத்துப் போகணும்னு. கூப்பிட்டேன்." பஸ்ஸு அடுத்த வளைவுல ஏறுது, எஞ்சின் உறுமுற சத்தத்துல அவங்க பேச்சு கொஞ்சம் அமுங்கிப் போச்சு, நான் காதக் கிட்டக்க கொண்டு போனேன். "அவுகளுக்கு வேற எடத்துல முடிச்சாக. அதுக்கு மறு வருசம் அண்டாவ வெளக்குறேன், எழுத்து வருது. நான் படிச்சுட்டேன். முழுசாப் படிச்சுட்டேன். அவுக வீட்டுக்காரிக்கு அப்ப வயித்துல பிள்ளை, அந்தா தூரத்துல உக்காந்து தேங்கா சில்லு தின்னுக்கிட்டு இருக்கா. நான் என்ன பண்ணச் சொல்ற. அடுப்புக் கரிய எடுத்து அப்பிட்டு அடுப்புல ஏத்திட்டேன்."

இதுலயும் ஏதாச்சும் இருக்குமோன்னு என் புத்தி அப்பவும் போச்சு, என்னச் செருப்பால அடிக்கணும். அண்ணன் சொல்லிக் குடுத்த கதையா இருக்குமோ, என்ன எளக்கப் பாக்குறாங்களோன்னு. அவங்க கையப் பாத்தேன். கம்பிய இறுக்கிப் புடிச்சிருக்காங்க, வளைவே இல்லாத எடத்துலயும். அப்புறம் ஒவ்வொண்ணா வந்து ஒட்டிக்கிச்சு. சிவராத்திரிக்குச் சிவராத்திரி பச்சை வெறகா வச்சு எரிப்பாங்க, பொகைஞ்சு கரி நல்லாப் பிடிக்கணும்னு, நான் கஞ்சத்தனம்னு சிரிச்சிருக்கேன், கொட்டகைப் பொம்பளைங்ககிட்ட சொல்லிக்கூடச் சிரிச்சிருக்கேன். பெரியவர் மேல போட்ட ரெண்டு கணக்கும் தப்பு. தேவாரத்துப் பையனும் இல்ல, தோட்டமும் இல்ல. அன்னைக்கு எந்தச் சாமின்னு தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டிருக்காரு, வந்தவங்களும் பழச ஓரமா வச்சுட்டுப் பிள்ளைங்களுக்காகத்தான் வந்திருக்காங்க. அந்த மனுசன் முத்திரைய நம்பி ஒரு தங்கச்சிய உக்கார வச்சிருக்காரு. இப்ப அதே முத்திரை பொய்யின்னு ஒத்துக்கிட்டா அவரு எங்க போயி மூஞ்சிய வைப்பாரு. அதனாலதான் லேமினேஷன். அவருக்கே தெரியாம ஒரு சந்தேகம் இருந்திருக்கும், அதுக்கு மேல பிளாஸ்டிக்கப் போட்டு ஒட்டியிருக்காரு. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மதினி, கௌசிகா அப்படிச் சொன்னப்பவே"ன்னேன். எரிச்சலாத்தான் சொன்னேன், இத்தன நாள் என் மக பட்ட பாடு எனக்குத்தான தெரியும். "சொல்லியிருக்கணும்"னாங்க. "அது என்ன மாதிரி இருந்துட்டுப் போறேன்னுச்சுல்ல. அன்னைக்குலருந்து சோறு எறங்கல. ஆனா இத்தன வருசம் மூடி வச்சது லோகு, தெறக்கணும்னா கை வரல. நீ கிளம்புறன்னு தெரிஞ்சப்பதான் வந்துச்சு." எலுமிச்சம்பழத்த அவங்க கையில குடுத்தேன். வாங்கி மோந்துக்கிட்டாங்க.

ஊசிப்பாறை நிறுத்தத்துல எறங்கி, ஏலத்தோட்டத்துக்கு நடுவால போற தடத்துல நடந்தோம். பூசாரி வீட்டுல இல்ல. பாத்திர ரூமத் தெறந்து, ரெண்டு பேரும் சேந்து அண்டாவ உருட்டிக்கிட்டு ஓடையோரம் கொண்டு வந்தோம். நாரை நான் எடுத்தேன், புடுங்கிட்டாங்க, இந்தத் தடவ நான் ஒண்ணும் நினைக்கல. சேலைய எடுத்துச் செருகிக்கிட்டு, புளியக் கரைச்சு ஊத்தி, சாம்பலப் போட்டு, எந்த எடம்னு தேடாமயே நேரா அந்த எடத்துல கை வச்சுத் தேச்சாங்க. அம்புட்டு வருசக் கரி. ஏடு ஏடா வருது. நானும் நம்பாமத்தான் நிக்கிறேன், வேற பேரு வந்துருமோ, இவங்களும் என்ன மாதிரி ஆசையில படிச்சிருப்பாங்களோன்னு. பித்தளை மஞ்சளா எட்டிப் பாத்துச்சு. புள்ளி புள்ளியா எழுத்து. நான் குனிஞ்சு வெரல வச்சு வெரல வச்சுப் படிச்சேன், சத்தமா, யாராவது கேக்கணும்னு. சடையாண்டி மகன் காதுகுத்துக் கலியாணத்துக்கு தாய்மாமன் பெரியகருப்பன் உபயம். பெரியகருப்பன். எனக்கு அழுகை வந்துருச்சு. அழுதேன், மூக்கச் சிந்திக்கிட்டு, நின்ன எடத்துலயே உக்காந்து அழுதேன். அப்புறம் போன எடுத்துப் போட்டோ புடிச்சேன், எழுத்து கலங்கலா விழுந்துச்சு, மறுபடி புடிச்சேன். டவர் கெடைக்கிற எடத்துக்குப் போன உடனே மொத ஆளா கௌசிகாவுக்கு அனுப்பணும், ஒண்ணும் எழுத வேணாம், இத மட்டும் அனுப்பினாப் போதும். "அண்ணன்கிட்ட நான் காட்டுறேன்"ன்னாங்க மதினி. "நீ காட்டினா சண்டைக்கு வருவாரு. நான் காட்டினா..." முடிக்கல. சண்டைக்கு வர மாட்டாரு. அது எனக்கும் தெரியும். அந்த வீட்டுக்குள்ள அவங்க அந்தப் போட்டோவ நீட்டுற நேரத்துல நான் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

தண்ணிய மோந்து மோந்து ஊத்தினேன். கரித்தண்ணி கல்லு மேல வழிஞ்சு ஓடைக்குப் போகுது. மதினி கையக் கழுவாம அப்படியே குத்தவச்சு உக்காந்திருந்தாங்க. "ஏ லோகு"ன்னாங்க. "கல்யாணத்துக்கு அவுகதான மொத ஆளா வருவாக, பையனுக்குப் பெரியப்பா. நான் வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லணும்." ஆமான்னேன். "இம்புட்டு நாளும் அண்ணேன்னு கூப்பிட்டுப்புட்டேன். இனிமே என்னன்னு கூப்பிடுறது?" கேலி இல்ல, அழுகை இல்ல, சமையல்ல உப்பு எம்புட்டுன்னு கேக்குற மாதிரி கேட்டாங்க. அதுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு. எங்க பக்கத்துல பாவாடை கட்டுற வயசுலருந்து பொண்ணுங்க அத வாய்க்குள்ள வச்சுச் சொல்லிப் பாத்துச் சிரிச்சுக்கிற வார்த்தை. அவங்களுக்குத் தெரியாதது இல்ல. வேற யாராவது சொல்லட்டும்னு இருக்காங்கன்னு புரிஞ்சுச்சு. "மச்சான்னுதான் கூப்பிடணும் மதினி"ன்னேன். "வாங்க மச்சான்னு கூப்பிடுங்க." அவங்க உதடு அசைஞ்சுச்சு. சத்தம் வரல. இன்னொரு தடவ அசைஞ்சுச்சு, அப்பவும் வரல. அப்புறம் கீழ கிடந்த நாரை எடுத்துக்கிட்டு, "இங்கிட்டு இன்னும் கரி இருக்கு லோகு, தண்ணி ஊத்து"ன்னு சொல்லிட்டு, அண்டாவத் திருப்பிப் போட்டு, எழுத்தே இல்லாத பக்கத்தத் தேய்க்க ஆரம்பிச்சாங்க.